தகரச் சீட்டும் மின்சீட்டும்

காங்கேசன்துறை என்னும் பெயரே ஒரு வருகையின் பதிவு. மாவிட்டபுரத்துக் கோயிலுக்குரிய காங்கேயன் திருவுருவம் கடல்வழி வந்து இறங்கிய துறை ஆதலின் அப்பெயர் பெற்றது என்பது வழிவழி வந்த செய்தி. வந்திறங்கிய தெய்வத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்ட அத்துறைக்கு, 2023ஆம் ஆண்டு யூன் மாதத்தில், சென்னையிலிருந்து புறப்பட்ட ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசப் பயணக் கப்பல் வந்து சேர்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 14ஆம் நாள் நாகபட்டினத்திலிருந்து ‘செரியபாணி’ என்னும் விரைவுக் கப்பல் வந்தது. அது சில நாள்களே ஓடி மழைக்காலத்தை முன்னிட்டு நின்றது. பின்னர் 2024 ஓகஸ்ட் 16ஆம் நாள் ‘சிவகங்கை’ என்னும் கப்பல் அவ்வழியில் ஓடத் தொடங்கிற்று. அதுவும் மாரியில் ஓய்ந்து, 2025 பெப்ரவரியில் மீண்டும் புறப்பட்டது. இரு துறைக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறக்குறைய 60 கடல்மைல். நான்கு மணி நேரப் பயணம்.

இக்கப்பல்களில் வந்தோரும் சென்றோரும் தம் கையில் எதனைக் கொண்டிருந்தனர் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. கடவுச்சீட்டு இருந்தது. அது இன்றும் தாள்களால் ஆகிய சிறு புத்தகமே. ஆயின் பயணச்சீட்டு எங்கே? இருக்கையை இணையத்திற் பதிவு செய்தோர்க்கு அது மின்னஞ்சலாக வந்தது. கைத்தொலைபேசியின் கண்ணாடியில் கறுப்பும் வெள்ளையுமாய் நெருங்கிக் கிடக்கும் கட்டங்களே இக்காலத்துச் சீட்டு. வாயிலில் நிற்பவர் ஒரு கருவியை அதன்மேற் காட்டுகின்றார். கருவி ஒலி எழுப்புகின்றது. பயணி உள்ளே செல்கின்றார்.

சீட்டு தாளில் இருந்தால் என்ன, மின்வடிவில் இருந்தால் என்ன, கப்பல் போய்ச் சேர்ந்தாற் போதாதா என வினவுவார் உளர். கப்பல் போய்ச் சேரும்வரை அவ்வினா நியாயமானதே. போகாதபோதுதான் சீட்டின் பொருள் தெரியவரும்.

மாற்றம் வந்த வழி

உல்லாசப் பயணக் கப்பல் நிறுவனங்கள் சென்ற நூற்றாண்டின் இறுதிவரை ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டிருந்தன. கப்பல் புறப்படுதற்குச் சில வாரங்களின் முன் பயணியின் வீட்டுக்கு ஓர் அஞ்சற் பொதி வரும். அதனுள் அழகியதோர் உறை. உறைக்குள் படித்தாளோடு கூடிய சீட்டுப் புத்தகம், கப்பல் தொடும் துறைகளின் நிரல், பெட்டிகளிற் கட்டுதற்குரிய பெயரட்டைகள். பயணம் முடிந்த பின்னரும் பலர் அதனைப் பேழையில் வைத்துப் போற்றுவர். இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இவ்வழக்கம் படிப்படியாக அருகியது. பயணி தாமே இணையத்தளத்துட் புகுந்து தம் விவரங்களை நிரப்பி, ஏறுசீட்டை அச்சிட்டுக் கொண்டு வரும் முறை வந்தது. பின்னர் அச்சும் வேண்டாவாயிற்று; கைத்தொலைபேசியே போதுமாயிற்று. விமானத் துறையில் இம்மாற்றம் ஒரே நாளில் நிறைவேறியது எனலாம். அனைத்துலக வான்போக்குவரத்துச் சங்கம் 2008 யூன் 1ஆம் நாளோடு காகிதச் சீட்டுக்கு விடைகொடுத்தது.

காரணங்கள் பல. அச்சுக்கும் அஞ்சலுக்கும் ஆகும் செலவு ஒன்று. அஞ்சலிற் சீட்டுத் தொலைந்தால் வரும் தொல்லை மற்றொன்று. இறுதி நேரத்தில் அறையோ நாளோ மாறினால் அச்சிட்ட தாளைத் திருத்த இயலாமை வேறொன்று. இவை யாவற்றினும் வலியது அரசுகளின் தேவை. 2001 செப்டெம்பரில் நிகழ்ந்த தாக்குதலின் பின், அமெரிக்க அரசு தன் துறைமுகங்களுக்கு வரும் பயணிகளின் பட்டியலை முன்கூட்டியே மின்வழி அனுப்புமாறு பணித்தது. கடற்போக்குவரத்தை எளிமையாக்கும் பொருட்டு 1965இல் இலண்டனில் உருவாகிய உலக உடன்படிக்கை அண்மையில் திருத்தப்பட்டது. அதன்படி 2019 ஏப்ரல் 8 முதல், கப்பல் பற்றிய விவரங்களைத் துறைமுக அதிகாரிகள் மின்வழிப் பெறும் ஏற்பாட்டைச் செய்தல் கட்டாயமாயிற்று. 2024 சனவரி 1 முதல் அவ்விவரங்கள் யாவும் ஒரே வாயிலாகச் செல்லவேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது.

நம் நாட்டிலும் இம்மாற்றம் புதியதன்று. இலங்கைக்கு வரும் வெளிநாட்டார்க்கு மின்வழிப் பயண இசைவு வழங்கும் முறை 2012 சனவரியில் தொடங்கியது. இலங்கையர்க்கு இந்தியா அத்தகைய இசைவை 2015 ஏப்ரல் 14ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டன்று, வழங்கத் தொடங்கிற்று. ஆதலின் மின்சீட்டை வேண்டாம் என்று மறுப்பது வீசுகின்ற காற்றை வேலியிட்டுத் தடுப்பது போலும். அதனை எவ்வாறு நமக்கு உரியதாக்கிக் கொள்வது என்பதே எண்ணத்தக்கது.

சீட்டின் மூன்று கடமை

சீட்டு என்னும் சொல் நம்மவர் வாழ்விற் பல இடத்தும் வழங்குவது. பணம் செலுத்தினால் தருவது பற்றுச்சீட்டு. ஊரவர் கூடிப் பணம் சேர்ப்பதும் சீட்டு. நாட்டெல்லையைக் கடக்க உதவுவது கடவுச்சீட்டு. வேலியிலே மனிதர் கடந்து செல்ல விடும் இடைவெளியையும், இருப்புப்பாதையைக் கடக்கும் இடத்தையும் நாம் கடவை என்கிறோம். அச்சொல்லின் உறவே கடவுச்சீட்டு. எங்கு வழங்கினும் ‘சீட்டு’ என்பதற்கு ஒரு பொதுப் பண்பு உண்டு. ஒருவர் எழுதி மற்றொருவர் கையில் கொடுப்பது அது. கொடுத்தவர் பின்னர் மறுக்க முடியாது; பெற்றவர் அதனைக் காட்டி உரிமை கேட்கலாம். ‘எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா’ என்ற பழமொழி நம் முன்னோர் பட்டறிந்து சொன்னது.

பயணச்சீட்டுக்கு மூன்று கடமைகள் உள்ளன. இன்னார் இன்ன கப்பலில் இன்ன நாளிற் செல்வார் என்று பெயர் சுட்டுதல் முதற் கடமை. நிறுவனத்துக்கும் பயணிக்கும் இடையே உள்ள உடன்படிக்கையைத் தாங்குதல் இரண்டாவது. வழக்கு நேர்ந்தாற் சான்றாக நிற்றல் மூன்றாவது.

இரண்டாம் கடமையைப் பலர் அறியார். சீட்டின் பின்புறத்திலே பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதை யாரே படிப்பர்? அமெரிக்காவில் ஒரு பெண்மணி உல்லாசக் கப்பலொன்றின் தளத்தில் வழுக்கி வீழ்ந்து காயமுற்றார். அவர் வாழ்ந்தது மேற்குக் கரையிலுள்ள வாஷிங்டன் மாநிலம். அங்கேயே வழக்குத் தொடுத்தார். கப்பல் நிறுவனமோ, எவ்வழக்கும் புளோரிடா மாநிலத்து நீதிமன்றத்திலேயே தொடுக்கப்படல் வேண்டும் என்று சீட்டில் அச்சிட்டிருப்பதைக் காட்டிற்று. நாட்டின் ஒரு கோடியிலிருப்பவர் மறுகோடிக்குச் சென்று வழக்காடுதல் எளிதன்று. எனினும் அந்நாட்டு உயர்நீதிமன்றம் 1991இல், சீட்டில் எழுதியது எழுதியதே எனத் தீர்ப்பளித்தது. அன்று அவர் கையில் தாளாவது இருந்தது. இன்று பயணி ‘இசைகின்றேன்’ என்று எழுதிய கட்டத்தை விரலால் ஒருமுறை தொடுகின்றார். பல பக்க உடன்படிக்கை, ஒரு வரியும் படிக்கப்படாமலே நிறைவெய்துகின்றது. அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

துறைமுகம் பேசிய மொழி

பண்டைத் துறைமுகங்கள் வந்தாரோடு எவ்வாறு பேசின என்று நோக்குதல் இவ்விடத்துப் பயன்தரும். காவிரிப்பூம்பட்டினத்திலே, கடலினின்று நிலத்துக்கு ஏறுவனவும் நிலத்தினின்று கடலிற் செல்வனவுமாகிய பண்டங்களுக்குச் சோழரின் புலிப்பொறியை இட்டுச் சுங்க அலுவலர் காத்து நின்றதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையிற் காட்டுகின்றார். அந்நகரத்துப் பண்டசாலையிலே மூட்டைகளின்மேல் எழுத்தும் எண்ணும் இடப்பட்டிருந்ததை இளங்கோவடிகள் குறிக்கின்றார். அவ்வெழுத்துக்குக் கண்ணெழுத்து என்று பெயர். உரியவன் கண்டு அறிதற்கு உதவும் எழுத்து அது. பொறி அரசனுக்கு, கண்ணெழுத்து உடையவனுக்கு. இவ்விரண்டின் வேறுபாட்டை மாணவர் மனத்திருத்துதல் நன்று. ஒன்று காவலன் பார்த்து விடுவதற்கு. மற்றொன்று உரியவன் பார்த்துத் தனதென்று கொள்வதற்கு.

நம் தீபகற்பத்தின் அயலிலேயே இதனினும் சிறந்ததொரு சான்று உண்டு. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள கல்வெட்டு, பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. அவன் காலம் 12ஆம் நூற்றாண்டு. ஊராத்துறை, அதாவது இன்றைய ஊர்காவற்றுறை, பற்றியது அவ்வாணை. பிறநாட்டு வணிகர் அங்கு வந்து தங்குதல் வேண்டும். அவர்க்குப் பாதுகாப்பு அளித்தல் வேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு. மூன்று பங்கு உடையவனுக்கு. பிற வாணிகப் பண்டம் கொண்ட கப்பல் உடைந்தால் இருவர்க்கும் பாதிப் பாதி. இவையே அதன் சாரம். இவ்வாணை நெடுங்காலம் நிலைத்தற்பொருட்டு எழுத்திற் பொறிக்கப்பட்டது என்ற குறிப்பும் அதில் உண்டு.

அது எழுதப்பட்ட மொழி தமிழ். ஆணையிட்டவன் சிங்கள மன்னன். அவன் அரசிருக்கை நெடுந்தொலைவில். எனினும் அத்துறைக்கு வருவோரும் அங்கிருப்போரும் எம்மொழியைப் படிப்பாரோ அம்மொழியில் எழுதினான். கப்பல் உடைந்தவன் தனக்குரிய பங்கு எவ்வளவு என்பதைக் கல்லைப் பார்த்துத் தானே அறியலாம். அதிகாரியின் வாயைப் பார்த்து நிற்கவேண்டியதில்லை. பயணியின் உரிமையைப் பயணி படிக்கும் மொழியில் எழுதுதல் அறம் என்பதை 800 ஆண்டுகளுக்கு முன்னரே இத்தீவின் ஓர் அரசன் உணர்ந்திருந்தான்.

காலியில் 1911இற் கண்டெடுக்கப்பட்டுக் கொழும்பு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்ட கல்லும் இக்கருத்துக்குத் துணைநிற்பது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொணர்ந்த அக்கல் 1409ஆம் ஆண்டுக்குரியது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழியும் உள. இந்துமாக்கடலிற் கப்பலோட்டியவர்க்கு இலங்கைத் துறையொன்றிற் பேசுதற்குத் தமிழ் இன்றியமையாததாய் இருந்தது. இன்றோ நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ஓடும் கப்பலின் இரு தலைமாடும் தமிழ் வழங்கும் ஊர்களே. அப்பயணத்துக்கு வழங்கும் சீட்டில் தமிழ் இருத்தல் வேண்டும் எனக் கேட்பது மிகையாகுமோ?

தகரச் சீட்டு

பயணி படிக்க இயலாத சீட்டுக்கும் நம் வரலாற்றில் முன்மாதிரி உண்டு. அது துன்பம் மிக்கது. தென்னிந்தியாவிலிருந்து மலையகத் தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டுவந்த காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, தகரச் சீட்டு முறை வந்தது. சிறு தகரத் துண்டொன்றில் தோட்டத்தின் எண்ணும் தொழிலாளியின் எண்ணும் பொறிக்கப்படும். தொழிலாளர் அதனைக் கழுத்திற் கட்டிக் கொண்டு புறப்படுவர். வழியிற் காசு கொடுக்க வேண்டியதில்லை. தகரத்தைக் காட்டினாற் போதும். செலவு முழுதும் தோட்டத்தின் கணக்கில் ஏறும்.

எண்ணிப் பார்த்தால் அது வியத்தகு வசதி. தொலையாது, கிழியாது, மழையில் நனைந்தாலும் அழியாது. மண்டபம் முகாமிலிருந்து தோட்டத்து லயம்வரை ஒரு தகரத் துண்டே போதுமானதாயிற்று. ஆனால் அதில் அவர் பெயர் இல்லை; ஊர் இல்லை; தந்தை பெயர் இல்லை. எவ்வளவு கடன் தம் தலையில் ஏறியது என்ற கணக்கும் இல்லை. அக்கணக்கு தோட்டத்தாரிடமும் கங்காணியிடமும் இருந்தது. தகரம் வாயிற்காவலனுக்குப் பேசிற்று. அணிந்தவருக்கு ஊமையாய் இருந்தது.

அதனோடு ‘துண்டு’ என்பதொன்றும் இருந்தது. தொழிலாளியின் கடனைத் தீர்ப்பார் உண்டெனின் அவரை விடுவிக்க இசைவு என்று தோட்டத்துரை எழுதும் தாள் அது. துண்டின்றி வேறு தோட்டத்திற் சேர்தல் அரிது. மனிதருடைய கடனும் அவருடைய கால்களின் உரிமையும் அத்தாளோடு கைமாறின. 1921இல் சட்டம் அதனை ஒழித்தது. அதுகாறும் எத்துணை உயிர்கள் பிறர் எழுதிய தாளினாற் கட்டுண்டு கிடந்தன!

1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தந்தை இத்தீவிற் பிறந்தார் என்பதற்குச் சான்று கேட்கப்பட்டது. தகரத்தில் எண்ணாக வந்தவரின் மக்கள் எதனைக் காட்டுவர்? ஏறக்குறைய ஏழு இலட்சம் மக்கள் நாட்டுரிமை அற்றவராயினர். 1964இல் இந்திய, இலங்கைத் தலைமை அமைச்சர்கள் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்து, 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என விட்டது. அவ்வுடன்படிக்கைப்படி சென்றவர் பல்லாயிரவர் தலைமன்னாரிலே கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். எஞ்சியோர் யாவர்க்கும் வழி திறந்த சட்டம் 2003இலேயே வந்தது. பயணத்தின் சான்று பயணியின் கையில் இல்லாமையால் ஒரு சமூகம் பட்ட பாடு இது. சட்டத்தை இயற்றியவரின் நோக்கமே அக்கேட்டிற்கு முதற் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் காட்டுதற்குத் தாள் இல்லாமை அந்நோக்கத்துக்கு எளிய கருவியாயிற்று.

2017இல் ‘பிரின்சஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் நிறுவனம் காசளவான ஒரு வில்லையை அறிமுகம் செய்தது. பயணி அதனைக் கழுத்திலோ மணிக்கட்டிலோ அணிவார். அவர் அணுகியதும் அறைக்கதவு திறக்கும்; வேண்டிய பண்டத்தை வாங்கலாம்; பணம் கணக்கில் ஏறும். செல்வர் இன்பப் பயணத்தில் அணியும் வில்லையையும் வறியவர் வயிற்றுக்காக அணிந்த தகரத்தையும் ஒப்பிடுதல் தகாது என்பர் சிலர். உண்மை, அவ்விருவர் நிலையும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தொலைவு. ஒருவர் விரும்பிச் செல்பவர். மற்றவர் வேறு வழியின்றிச் சென்றவர். கணக்கை வேண்டும்போது பார்க்கும் உரிமையும் முன்னவர்க்கு உண்டு. இந்த உரிமைதான் இரண்டையும் பிரிப்பது. பார்க்கவும் படிக்கவும் முடியுமாயின் அது வசதி. முடியாதாயின் அது மீண்டும் தகரமே.

மூட்டைக்குள் இருந்த தாள்

காகிதத்தை மட்டும் போற்றுவதும் நமக்குப் பொருந்தாது. காகிதத்தின் மென்மையை யாழ்ப்பாணத்தார் அறிந்ததுபோல் அறிந்தவர் சிலரே. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களோடு மீளப் பெறுதற்கரிய ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டபோது, பலர் முதலில் எடுத்தது பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் வைத்த பொதியையே. அப்பொதி ஆற்றிலும் சேற்றிலும் தொலைந்தவர் எத்துணையர்! 2006 ஓகஸ்டில் ஏ-9 நெடுஞ்சாலை மூடப்பட்ட பின், படையினரின் அனுமதித் தாளைப் பெற்ற குடிமக்கள் காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பலிற் சென்றனர். அத்தாளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்க்குக் காகிதத்தின்மேல் பெருங்காதல் இருத்தற்கு நியாயமில்லை.

மின்வடிவு இவ்விடத்துப் பெருந்துணை. வீடு எரிந்தாலும் ஆவணம் எரியாது. ஒரு படி தொலைந்தால் மற்றொரு படி வேறிடத்தில் இருக்கும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம ஆவணகத்தின் பணியை நம் மாணவர் அறிவர். எரிந்த நூல்களுட் சிலவற்றின் வேறு படிகள் அங்கே மின்வடிவில் மீண்டும் கண்திறந்துள்ளன. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கற் சட்டம், மின்வடிவில் இருப்பது என்ற ஒரே காரணத்தால் ஓர் ஆவணத்தைச் சட்டம் புறக்கணித்தல் ஆகாது என வகுத்துள்ளது. ஆதலின் மின்சீட்டும் சீட்டே, நீதிமன்றத்திற் காட்டத்தக்கதே. வேண்டுவது அதனைக் காட்டுதற்குரியவர் கையில் அது இருத்தல்.

பெயரும் எழுத்தும்

மின்சீட்டில் நம்மவர்க்குத் தனித்ததோர் இடர் உண்டு. அது பெயர் பற்றியது. கடவுச்சீட்டிலே கருவி படிப்பதற்கென்று அடியில் இரண்டு வரிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 44 எழுத்துக்கே இடம். முதல் வரியில் பெயருக்கு 39 இடங்கள். அவ்விடங்களில் உரோம எழுத்து 26 மட்டுமே வரலாம். இது உலக விமானப் போக்குவரத்து அமைப்பின் நியதி. நம் பெயர்களோ தந்தை பெயரும் தம் பெயரும் சேர்ந்து நீள்வன. குடும்பப் பெயர் என்பதொன்று நம் மரபில் இல்லை. படிவமோ குடும்பப் பெயர் யாது என்று விடாது கேட்கும். சிலர் தந்தை பெயரை அங்கே இடுவர். சிலர் தம் பெயரையே இடுவர். ஒரு வீட்டிலேயே கணவன் பெயர் ஒரு முறையிலும் மனைவி பெயர் மற்றொரு முறையிலும் அமைவதுண்டு.

எழுத்துக்கூட்டலும் அவ்வாறே. யாழினி, எழிலன், மகிழ்நன் என்ற பெயர்களிலுள்ள ழகரத்தை உரோம எழுத்தில் ஒருவர் ஒருவகையாகவும் மற்றொருவர் வேறுவகையாகவும் எழுதுவர். திருநாவுக்கரசு என்ற பெயரை எத்தனை வகையாக எழுதலாம் என்று வகுப்பிலே கேட்டால் அரைப் பலகை நிரம்பும். தாளில் எழுதிய காலத்து அலுவலர் பார்த்து இரண்டும் ஒருவரே என்று விடுவார். கருவிக்கு அத்தகைய கண்ணோட்டம் இல்லை. கடவுச்சீட்டில் ஓர் எழுத்தும் மின்சீட்டில் வேறோர் எழுத்துமாயின் இருவர் எனவே அது கொள்ளும். ஓர் எழுத்துப் பிழை பொருளை மாற்றும் என்று இலக்கண வகுப்பிற் கூறுகின்றோம். கப்பல் வாயிலிலே அது பயணத்தையே மாற்றிவிடும். எனவே கடவுச்சீட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, மின்படிவத்தை நிரப்புதல் வேண்டும் என்பதை மாணவர் தத்தம் வீட்டு முதியோர்க்குச் சொல்லல் நன்று.

செய்யத்தக்கன

1914இல் தனுஷ்கோடி, தலைமன்னார் கப்பற் சேவை தொடங்கிய பின், சென்னை எழும்பூரிலே வாங்கிய ஒரே சீட்டுடன் புகைவண்டி, கப்பல், மீண்டும் புகைவண்டி என மாறிக் கொழும்புக் கோட்டையை அடைதல் இயல்வதாயிற்று. 1964 திசெம்பர்ப் புயலிலே தனுஷ்கோடி அழிந்த பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடி, 1980களின் முற்பகுதியிற் போரின் காரணமாக நின்றது. 2011இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே தொடங்கிய சேவை சில மாதங்களே நீடித்தது. இவ்வாறு நின்றும் தொடங்கியும் வரும் வழியில், பயணம் இரத்தாவது அரிய நிகழ்ச்சியன்று. வாடைக் காற்றும் கொந்தளிப்பும் நம் கடலின் இயல்பு. கப்பல் புறப்படாதபோது பணம் மீளுமா, வேறு நாள் கிடைக்குமா, யாரிடம் கேட்பது என்பவற்றைப் பயணி தம் சீட்டைப் பார்த்தே அறிதல் வேண்டும்.

ஆதலின் நான்கு செய்திகளைக் கப்பல் நடத்துவோரும் இரு நாட்டுத் துறைமுக அதிகாரிகளும் கருத்திற்கொள்ளுதல் நலம். மின்சீட்டில் பயணியின் பெயர், நாள், கட்டணம், இரத்தாயின் கிடைக்கும் உரிமை ஆகியன தமிழிலும் தெளிவாக எழுதப்படல் வேண்டும். கட்டங்கள் கருவிக்கு, எழுத்து மனிதருக்கு. கேட்பவர்க்குத் தாளில் அச்சிட்ட படி ஒன்றைத் துறையிலேயே, கட்டணமின்றித் தருதல் வேண்டும். கைத்தொலைபேசி இல்லாத முதியவர் மகனையோ பேத்தியையோ எதிர்பார்த்து நிற்றலாகாது. அனுப்பப்படும் மின்சீட்டு பயணியின் கையிலே முழுதாகத் தங்கும் ஆவணமாக இருத்தல் வேண்டும். நிறுவனத்தின் இணையத்தளம் மூடியதும் மறைந்துவிடும் நிழலாக இருத்தலாகாது. பெயர் எழுத்தில் நேரும் சிறு வழுவை வாயிலிலேயே திருத்தும் அதிகாரம் ஓர் அலுவலருக்கு அளிக்கப்படல் வேண்டும்.

தனியார் நிறுவனத்தைத் தமிழில் எழுது என்று சட்டம் பணிக்குமோ என்பது வேறு. அரசின் துறைமுகமும் குடிவரவு அலுவலகமும் அரசுக்குரியன. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. அங்கிருந்து தொடங்கினால் நிறுவனங்கள் பின்தொடரும். நாகபட்டினத்து மக்களும் இவ்வேண்டுகோளில் நம்மோடு சேர்தல் இயல்பே.

நம் பங்கும் சிறிதன்று. ஆசிரியர் மாணவர்க்கு விண்ணப்பம் எழுதும் முறையைக் கற்பிக்கின்றோம். கடிதம் எழுதும் முறையைக் கற்பிக்கின்றோம். உடன்படிக்கை ஒன்றைப் படிக்கும் முறையையும் கற்பித்தல் காலத்தின் தேவை. ‘இசைகின்றேன்’ என்று தொடுமுன் எதற்கு இசைகின்றோம் என்று படித்துப் பார்க்கும் பழக்கம் இலக்கணப் பாடத்துக்கு மாறானதன்று. சொல்லின் பொருள் அறிதலே அதுவும். சிற்றூரிலே இருக்கும் பாட்டியாரின் மின்சீட்டை அச்சிட்டு, தமிழில் அதன் பொருளைச் சொல்லி, ஒரு படியை அவர் கடவுச்சீட்டுக்குள் வைத்துக் கொடுக்கும் மாணவன் நல்லதொரு தமிழ்ப்பணி செய்தவனாவான்.